மூன்றைவிட ஏழு பெரியது

நான் கம்பி வேலை செய்கிறவன். தூணோ பீமோ ஸ்லாபோ, கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் உள்ளே கம்பி கட்ட வேண்டும். அதைக் கட்டுகிற ஆள். மேட்டூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஐந்தாவது வரை படித்தேன். தமிழ் மெதுவாக வரும். கன்னட எழுத்து இன்னும் வராது. போர்டு பார்த்துப் பஸ் ஏறத் தெரியாது, நம்பர் பார்த்துத்தான் ஏறுவேன். நம்பர் எனக்குத் தடுமாறாது. கம்பியின் மேலேயே அடித்திருக்கும், 500 என்று, 550 என்று. ஐந்நூறைவிட ஐந்நூற்றைம்பது கெட்டி. அதில் பேச்சே இல்லை.

இது என் மகளுக்கு நான் வாங்கிக்கொடுத்த லேப்டாப்பைப் பற்றி.

ஒரே மகள். பி.சி.ஏ. சீட் கிடைத்தது. அப்ளிகேஷனில் அப்பா படிப்பு என்று ஒரு இடம் இருந்தது. ஐந்தாவது என்று எழுத அவள் கூச்சப்படவில்லை. நான்தான், வேறு ஏதாவது எழுதேன் என்றேன். அவள் கேட்கவில்லை.

போனில் ஓடுகிற ஆப் செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. முதல் ஆப் எனக்குத்தான் என்று சொல்லியிருந்தாள். கம்பியின் தடிமனைத் தடிமனாலேயே பெருக்கி நூற்றறுபத்திரண்டால் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை வரும். எங்கள் வேலையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பள்ளிக்கூடம் போகும்போதே அதை என்னிடம் கற்றுக்கொண்டாள். "நம்பரைப் போட்டா எடை வந்து நிக்கும்ப்பா. நீங்க வாய்க்குள்ளயே முணுமுணுக்க வேண்டாம்" என்றாள். மூன்று வருஷப் படிப்பு. முடிக்கும்போது கம்பெனிகள் காலேஜுக்கே வந்து ஆள் எடுக்கும். அதில் ஒரு இடம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

லேப்டாப் வேண்டும் என்று காலேஜில் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். மாடியில் கடை. புதியதும் வைத்திருந்தார்கள், பழையதைச் சரிசெய்ததும் வைத்திருந்தார்கள். மகள் கையில் ஒரு தாள். காலேஜில் மேல் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் என்ன வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

கடைக்காரர் கன்னடத்தில் ஆரம்பித்தார். நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு அரைத் தமிழுக்கு வந்தார்.

"படிக்கிறதுக்கா அண்ணா? ஸ்வல்ப இரி, கொஞ்சம் இருங்க, காட்றேன்."

இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று புதியது. மெல்லியது, வெள்ளி நிறம். அதன் மேல் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரில் 3. இன்னொன்று கறுப்பு. பெரியது, தடிமன். அதில் 7. இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

"இந்த நம்பர் என்னது?" என்றேன்.

"ப்ராசஸர் அண்ணா. மூளை. உங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, இன்ஜின்."

"மூணுக்கும் ஏழுக்கும் என்ன வித்தியாசம்?"

"மூணு சாதாரணம். அஞ்சு நல்லாருக்கும். ஏழு டாப்."

மகள் என் சட்டைக் கையைத் தொட்டாள். "அப்படி இல்லப்பா. மூணுன்னாலும் இது பன்னெண்டாவது ஜெனரேஷன். அந்த ஏழு ஆறாவது ஜெனரேஷன். அது பழசு."

"பன்னெண்டு, ஆறுன்னு எங்க போட்டிருக்குது?"

"மேல இருக்காதுப்பா. உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

கடைக்காரர் ஸ்டிக்கரைத் தட்டிக் காட்டினார். "ஜெனரேஷன்கிறது வருஷக் கணக்கு அண்ணா. மாடல் நம்பர் இதுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. முழுதாகவும் சொல்லவில்லை. கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை.

இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். கம்பிக் கட்டு வந்து இறங்கியதும் நாங்கள் செய்கிற முதல் வேலை அது. ஒரு கம்பியைக் கையில் எடுத்துத் தூக்குவோம். எடை குறைந்தால் ஏமாற்றுக் கம்பி, திருப்பி அனுப்பிவிடுவோம். இந்தக் கையை யாரும் ஏமாற்றியதில்லை. மூன்றைத் தூக்கினேன், இட்லித் தட்டு மாதிரி இருந்தது. ஏழு கையை இழுத்தது.

"இது தகரம் கணக்கா இருக்குது அம்மிணி. மூணு வருஷம் தாங்குமா?"

"லேசா இருக்கறதுதாம்ப்பா நல்லது. தினமும் தூக்கிட்டுப் போகணும்ல."

பழசு என்று அவள் சொன்னது எனக்குக் குறையாகவே படவில்லை. மைசூரில் பழைய பங்களா இடிக்கிற இடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே கழற்றுகிற கதவு நிலைக்கு ஆட்கள் அடித்துக்கொள்வார்கள். பழசு கெட்டி. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அப்படித்தான் பழக்கம்.

"அந்த அக்கா இதைத்தான் வாங்கச் சொன்னாங்கப்பா" என்று தாளைக் காட்டினாள்.

"அந்த அக்காளுக்கு அவங்கப்பன் மூணு வாங்கிக் குடுத்திருப்பான். உங்கப்பன் ஏழு வாங்கித் தர்றான். போதுமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவளும் சிரித்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கடைக்காரர் ஏழு நம்பர் மெஷினை அட்டைப்பெட்டியில் போட்டார். மாடிப்படி இறங்கும்போது பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். அவளிடம் கொடுக்கவில்லை.

மறுநாள் சைட்டில் சொன்னேன். என்னோடு கம்பி கட்டுகிறவன் ஒருவன், தர்மபுரிக்காரன், எதற்கும் கிண்டல்.

"ஏழா? ஏன் மாமா, புள்ளைய ராக்கெட் உடவா அனுப்பற?"

"உட்டா உடட்டும் போடா."

"அப்ப மேல போறப்ப நம்மளையும் கூட்டிட்டுப் போகச் சொல்லு. இந்த வெயில்ல சாக முடியல."

அன்றைக்கு நான் வாங்கிக்கொடுத்த டீ அவனுக்கு இரண்டு.

மகள் என்னிடம் மூன்று முறை சொன்னாள். மூன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

முதல் முறை, காலேஜ் திறந்து ஒரு மாதம் இருக்கும். "அப்பா, சார்ஜ் ஒரு கிளாஸ்கூட நிக்க மாட்டேங்குது" என்றாள். வகுப்பில் பிளக் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்துச் சுவரில்தான் இருந்ததாம். பிளக் பக்கமாய் உட்கார், அதற்கென்ன என்றேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தவள் அவள். அன்றிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போனாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டாம் முறை, இரண்டாவது வருஷம். ஆன் செய்தால் திறக்க நேரமாகிறது, நாலு வரி எழுதினால் நின்றுவிடுகிறது, ஃபேன் சத்தம் வகுப்பில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்கிறது என்றாள். நான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏழு அம்மிணி அது. கடையிலயே பெரிய நம்பர். அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"நம்பர் இல்லப்பா..."

"பக்குவமா வெச்சுக்கோ. போட்டு அமுக்காத."

என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து சொன்னாள். "அப்பா வாங்கிக் குடுத்ததுல குத்தம் சொல்லாத கண்ணு. யார் வீட்ல வாங்கித் தர்றாங்க?"

மகள் மெஷினை எடுத்துக்கொண்டு பிளக் பக்கம் போனாள்.

மூன்றாம் முறை, கடைசி வருஷம். ப்ராஜெக்ட் என்று ஒன்று செய்து காட்ட வேண்டும். கம்பி எடை போடுகிற அந்த ஆப்பைத்தான் எடுத்திருந்தாள். எழுதி முடித்துவிட்டாள். ஆனால் அதை ஓட்டிப் பார்க்கிற சாஃப்ட்வேரை எங்கள் மெஷின் தாங்கவில்லை. திறந்தால் அப்படியே உறைந்துவிடும். காலேஜ் லேபில் செய்யலாம், அதை நாலரைக்குப் பூட்டிவிடுவார்கள். எழுபது பேருக்கு அந்த ஒரு லேப்தான்.

"இந்த மெஷின்ல முடியாதுப்பா. வேற பாக்கணும்" என்றாள்.

அப்போது சொன்னதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

சைட்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொக்கி சரியில்லை, கட்டர் சரியில்லை என்று சாமான் மேல் குறை சொல்கிற ஆளை நிறுத்திவிடுவோம். வேலை வராதவன்தான் சாமானைச் சொல்வான் என்று நினைப்பு. ஒரு ஆளை நானே அப்படி அனுப்பியிருக்கிறேன். எனக்கும் மூத்தவன், கிருஷ்ணகிரிப் பக்கம். கட்டர் மொக்கை என்றான். மறுநாள் வர வேண்டாம் என்றேன். அவன் போன பிறகு அந்தக் கட்டரை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. சைட்டில் சொல்வதைத்தான் மகளிடமும் சொன்னேன்.

"வேலை வராதவந்தான் மெஷினச் சொல்லுவான். நீ மெஷின் மேல பழி போடாத."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சரிப்பா என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். சொல்லிப் பார்க்கிற பழக்கத்தையே நிறுத்திவிட்டாள். மெஷின் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ப்ராஜெக்டை உரிய நாளில் காட்ட முடியவில்லை. எனக்குத் தெரியாது. பின்னால் தெரிந்தது.

பிறகு அந்தப் பரீட்சை. பெங்களூர்க் கம்பெனி ஒன்று ஆள் எடுக்கிறது, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுத வேண்டும் என்றாள். ஒன்றரை மணி நேரம். எழுதுகிறவரின் முகம் கேமராவில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. நான் வீட்டில் இருந்தேன். குக்கர் விசில் வேண்டாம் என்று என் வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டாள். நான் வாசலில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கத்தாமல் பார்த்துக்கொண்டேன்.

மகள் மேஜையில் வைத்து எழுதவில்லை. மெஷின் சூடாகும் என்று தரையில் வைத்தாள். அடியில் காற்றுப் போக நாலு மூலையிலும் நாலு பாட்டில் மூடிகளைக் கொடுத்தாள். டேபிள் ஃபேனைத் தன் பக்கம் வைக்காமல் மெஷின் பக்கம் திருப்பினாள். மே மாதம். முதுகில் சுடிதார் நனைந்திருந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நிமிரவே இல்லை. விரல் ஓடிக்கொண்டே இருந்தது. நன்றாக எழுதுகிறாள் என்று எனக்கே தெரிந்தது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். ஃபேன் சத்தம் நின்றது. டேபிள் ஃபேன் ஓடியது, மெஷினுக்குள் இருக்கிற ஃபேன் நின்றது. அவள் கத்தவில்லை. பட்டனை அமுக்கினாள். கீழே கையை வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டாள். சூடு. துப்பட்டாவை நனைத்துப் பிழிந்து பக்கத்துத் தரையைத் துடைத்தாள், தரையாவது குளிரட்டும் என்று. மறுபடி பட்டன். அது உயிர் வந்து, வட்டம் சுற்றி, திறக்க ஆன நேரம் முழுக்க அவள் முட்டி போட்டபடியே இருந்தாள். திறந்தது. கேமராவிலிருந்து முகம் போனதால் பரீட்சை மூடிவிட்டிருந்தது.

நான் உள்ளே போனேன். ஆறுதல் சொல்லப் போனேன் என்றுதான் நினைக்கிறேன். வாயில் வந்தது வேறு.

"மத்த புள்ளைங்கல்லாம் எழுதுது. உனக்கு மட்டும் என்ன? வரலன்னா வரலன்னு சொல்லிரு."

அவள் மெஷினை மூடினாள். பாட்டில் மூடிகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாப்பா. எனக்கு வரல."

நான் நம்பினேன்.

காலேஜில் ப்ராஜெக்டும் கடைசி வருஷத்து இரண்டு பேப்பரும் அரியராக நின்றுபோயின. திரும்ப எழுதலாம் என்றார்கள். அவள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை, வராத படிப்பைப் போட்டுப் பிள்ளையை ஏன் வதைப்பது என்று விட்டுவிட்டேன். பெருந்தன்மை என்று நினைத்தேன். டவுனில் ஒரு பெரிய சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை பத்திலிருந்து இரவு எட்டரை வரை. நின்றே இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை லீவு. ஒரு வருஷம் ஓடியது.

போன மாதம் விஜயநகரில் ஒரு வீடு. மூன்று மாடி. அந்த சைட்டுக்கு வருகிற இன்ஜினியர் ஒரு தமிழ்ப் பெண். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தூண் கம்பியில் ஒரு சந்தேகம் கேட்டேன். சிமெண்டு மூட்டை மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தார். திறந்ததும் படம் வந்துவிட்டது. அத்தனை கோடுள்ள படம், கையால் தள்ளினால் தண்ணீர் மாதிரி நகர்ந்தது. நான் ஸ்டிக்கரைப் பார்த்தேன். 3.

"மேடம், இது மூணுதானா?"

"ஆமா அண்ணா. ஆபீஸ்ல குடுத்தது. ஏன்?"

"எங்க வீட்ல ஏழு இருக்குது."

பெருமையாகத்தான் சொன்னேன். அப்போதும்.

"அப்படியா? எந்த ஜெனரேஷன்?"

ஆறு என்று மகள் சொன்னது ஞாபகம் வந்தது. சொன்னேன். கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார். மறுநாள் துணிப்பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு போனேன். சார்ஜரை சைட் பிளக்கில் மாட்டி ஆன் செய்துவிட்டு டீ குடிக்க ஆரம்பித்தார். குடித்து முடித்துக் கப்பைப் போட்டார். அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு உள்ளே எங்கேயோ போய்ப் பார்த்தார்.

"அண்ணா, இதுக்குள்ள ரெண்டே கோர்."

"கோர்னா?"

"ஆளுங்கன்னு வெச்சுக்கோங்க. வேலை செய்யற ஆளுங்க. இதுல ரெண்டு பேர். என்னோட மூணுல ஆறு பேர். அந்த ஆறு பேரும் இவங்களவிடச் சின்ன வயசு. பேருதான் ஏழு. ரெண்டு கிழவங்கள வெச்சு ஒரு நாள்ல ஸ்லாப் கட்டி முடிப்பீங்களா நீங்க?"

சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"யாருக்கு வாங்குனீங்க?"

"மகளுக்கு. பி.சி.ஏ."

"இதுலயா பி.சி.ஏ. படிச்சாங்க? ஆப் எல்லாம் வருமே. இதுல எப்படி..." என்றவர், "முடிச்சிட்டாங்களா?" என்றார்.

"இல்லீங்க."

மூடி என்னிடம் கொடுத்தார். பையில் போட்டேன். அன்றைக்குத் தூண் கம்பியைச் சுற்றி நான் கட்டிய ரிங்கெல்லாம் கோணல். தர்மபுரிக்காரன் பார்த்துவிட்டு, கிண்டல் பண்ணாமல் அவிழ்த்து அவனே கட்டினான்.

வீட்டில் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நானும் உங்க பக்கந்தானுங்க நின்னேன். அவ பக்கம் யாருமே நிக்கல" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வரை காத்திருந்தேன். காலையில் மகள் வெளியே குழாயடியில் கடைச் சேலையை அலசிக்கொண்டிருந்தாள். யூனிஃபார்ம் சேலை. நான் போய் நின்றேன்.

"அம்மிணி. அந்த லேப்டாப்பு சரியில்லாதது."

"தெரியும்ப்பா."

"அதுக்குள்ள ரெண்டு ஆளுதான் வேலை செய்யறாங்களாம். நீ அன்னைக்குக் காட்டுன மூணுல ஆறு ஆளாம்."

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

அதைக்கூடக் கேட்டேன். அந்த நேரத்தில்கூட அப்படித்தான் கேட்கத் தோன்றியது எனக்கு.

சேலையைப் பிழிந்தபடி அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொன்னேன்ப்பா."

காலடியில் இருந்த வாளியைத் தள்ளி வைத்தேன்.

"பரீட்ச அன்னைக்கு, எனக்கு வரலன்னு சொன்னியே."

"வேற என்னப்பா சொல்றது? நீங்க அதைத்தானே கேட்டீங்க." சேலையை மறுபடி முறுக்கிப் பிழிந்தாள். "அப்புறம் எனக்கே தெரியலப்பா. மெஷினா, நானான்னு. லேப்ல எல்லாம் ஓடும். வீட்டுக்கு வந்தா நிக்கும். அப்பா சொல்றாரு, அம்மா சொல்றாங்க, அப்ப நாந்தான் போலன்னு இருந்துச்சு."

"உனக்கு வரும் அம்மிணி. ஜன்னல் வழியா பாத்தேன். நல்லா எழுதுன."

"பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்."

அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று அவள் சொல்லவில்லை. சேலையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். இருவரும் ஆளுக்கொரு பக்கம் உதறினோம்.

"மூணு வாங்கலாம். இன்னைக்கே போலாம். நீ எதைச் சொல்றியோ அது. நான் வாயத் தொறக்கல."

"எதுக்குப்பா?"

"அந்த ரெண்டு பேப்பரு. ப்ராஜெக்டு."

அவள் சேலையைக் கம்பியில் போட்டு இழுத்துவிட்டாள். கிளிப் மாட்டினாள். திரும்பியபோது முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டிருந்தாள். எனக்காக வைத்துக்கொண்டது.

"நேத்து சொல்லணும்னு நெனச்சேன். என்னப் பட்டு செக்‌ஷனுக்கு மாத்திட்டாங்கப்பா. அங்க மெத்தையில உக்காந்துதான் சேல விரிச்சுக் காட்டணும். நாள் பூரா நிக்க வேண்டாம். எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்க."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி மாதிரி சொன்னாள். நான் சந்தோஷப்பட வேண்டும் என்று காத்திருந்தாள்.

"நல்லது அம்மிணி" என்றேன்.

வாளியில் மிச்சம் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போனாள். எனக்கு வேலை இருந்தது, மூன்றாவது மாடிக்குப் பீம் கட்ட வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.